ஏரிக்கரையில் இல்லாத கழுகு

தம்பி சுந்தரம்,

சுகமா என்று கேட்கப் போவதில்லை. சுகமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன? மூன்று வாரமாக வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. சனிக்கிழமை சாயங்கால வண்டியில் வருவாய் என்று உன் அம்மா மீன் வாங்கிக் குழம்பு வைப்பதும், நீ வராமல் போவதும், அதை ஞாயிறு திங்கள் இரண்டு நாளும் நான் ஒருத்தனே தின்று தீர்ப்பதுமாக, எனக்கு இப்போது மீன் என்று சொன்னாலே ஏப்பம் வருகிறது. வருகிற வெள்ளிக்கிழமை கல்யாணம். பந்தக்கால் நட்டாச்சு, பத்திரிகை கொடுத்தாச்சு. மாப்பிள்ளை மட்டும் கிள்ளானில் ஸ்கூல் மணி அடித்ததும் தூரக்கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஆற்றங்கரையில் எந்தக் கொக்கு எந்தக் காலில் நிற்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான். இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது, பக்கத்துக்கு எட்டு வரிதானே வருகிறது என்று பார்க்கிறாயா? பார். ஏன் என்று உனக்குத் தெரியும். உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இனி ஒளிக்க வேண்டாம் என்றுதான் இந்தக் கடிதத்தை ஒட்டாமலே அனுப்புகிறேன். சூசைதான் கொண்டுவருவான். என் எஞ்சினில் பதினோரு வருஷமாகக் கரி அள்ளிப் போடுகிறவன், வழியில் பிரித்துப் படிக்காமல் இருக்க மாட்டான். படிக்கட்டும். பிரிக்பீல்ட்ஸில் நம் ரயில்வே லயனில் வரிசையாக இருக்கிற பன்னிரண்டு வீடும் படிக்கட்டும். தப்பை ஊருக்கு முன்னால் செய்துவிட்டு, மன்னிப்பை மட்டும் உறைக்குள் போட்டு ஒட்டினால் அது என்ன நியாயம்?

ஆளுக்கொரு கதை ஓடுவதால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணத்தன்று கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகிற காலை வண்டியை நானே ஓட்டுவேன் என்று தை மாசமே ஃபோர்மேன் துரையிடம் கேட்டு வாங்கிவிட்டேன். இருபத்தாறு வருஷம் கரியிலும் ஆவியிலும் வெந்ததற்கு நான் வாய்விட்டுக் கேட்ட சலுகை அது ஒன்றுதான். ஷெட் ஆட்கள் எஞ்சின் முகத்தில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, மாவிலைத் தோரணம் போடுவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேருக்கும் ஒரு பெட்டி. கிள்ளானில் வண்டியை நிறுத்தி, இறங்கி, தண்ணீர்க் குழாயடியில் முகம் கை கால் கழுவி, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு சம்பந்தி முன்னால் போய் நிற்பேன். இதை எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன் தெரியுமா? நீ என்ன செய்தாய்? மூன்று வாரத்துக்கு முன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் நின்றுகொண்டு, அம்மா முன்னால், பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா முன்னால், "அப்பா ஓட்டுற வண்டியில நான் ஏற மாட்டேன். மோட்டார் பஸ்ஸில போய்க்கிறேன்" என்றாய். ஏன் என்று அம்மா கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய். நான் கூரையைப் பார்த்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய்.

பாக்கியம் அக்கா வாய் சும்மா இருக்குமா? "இங்கிலீஷ் படிச்ச வாத்தியாருக்குக் கரிக்கார அப்பன் ஓட்டுற வண்டியில ஏற வெக்கம் போல, பொண்ணு வீட்டுக்காரங்க பார்ப்பாங்கள்ல" என்று அவள்தான் முதலில் ஆரம்பித்தாள். ராத்திரிக்குள் லயன் முழுக்க அதுதான் பேச்சு. உன் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, "இதுக்கா உன்னைப் பெத்தேன்" என்று உன்னைத் திட்டித் திட்டி அழுதாள். நான் வாசலில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தேன். எழுந்து உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. அதோடு விட்டேனா? மூன்றாம் நாள் டீக்கடையில் ஒருத்தன், "என்ன அண்ணே, மகன் இப்படிப் பண்ணிட்டான்" என்று கேட்டபோது, "காலம் அப்படி, நம்ம கையில என்ன இருக்கு" என்று பெருமூச்சு விட்டேன். பொய் சொல்லவில்லை, பெருமூச்சுதான் விட்டேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பெருமூச்சை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே இரண்டு போடலாம் போலிருக்கிறது.

இப்போது, அன்றைக்குக் காலையில் நடந்த அந்த ஏரி விவகாரம். அதில் உன் மேலேயும் எனக்குத் தீராத எரிச்சல் இருக்கிறது, அதையும் சொல்லாமல் விட மாட்டேன்.

சித்திரை பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை. விடிந்தும் விடியாமலும் வந்து, "அப்பா, வாங்க, லேக் கார்டன் பக்கம் ஒரு நடை போயிட்டு வரலாம். கோடை ஆரம்பம், பறவையெல்லாம் நல்லாத் தெரியும்" என்றாய். கோடையாம் கோடை. இந்த ஊரில் ஏதடா கோடை? மழை பெய்யும், மழைக்கு நடுவில் வெயில் அடிக்கும், மறுபடி மழை பெய்யும். சீமையில் எவனோ குளிரில் உட்கார்ந்து எழுதிய பறவைப் புத்தகத்தைப் படித்துவிட்டு நீ கோடை, வசந்தம் என்று நோட்டில் தலைப்புப் போடுகிறாய். சரி, கல்யாணம் ஆகிப் போகப் போகிற பிள்ளை, அப்பாவோடு நடக்க ஆசைப்படுகிறான் என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோய்த்தான் கிளம்பினேன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஸ்டேஷனைத் தாண்டி, தாமான்சாரா ரோட்டில் மேடேறும்போது உன் கல்யாணச் செலவு, உன் ரூம் வாடகை, உன் மாமியார் குணம் என்று என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தேன். நீ 'ம்', 'ம்' என்று கேட்டுக்கொண்டே என் காலடியைப் பார்த்து வந்தாய். கல் தடுக்குகிறதா என்று பார்த்தாய் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஏரிக்கரையில் முதலில் ஒரு சத்தம் கேட்டது. டொக், டொக், டொக் என்று ஒரே சீராக. "யாருடா ஞாயிற்றுக்கிழமையும் சக்கரம் தட்டுறான்?" என்றேன். வண்டிச் சக்கரத்தில் விரிசல் இருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்ப்பானே, அச்சாக அதே சத்தம். நீ சிரித்தாய். "குக்குறுவான்கிற பறவைப்பா. எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லுங்க" என்றாய். நான் காதை வைத்தே, "வலது பக்கம், உயரத்துல, இலைக்குள்ள" என்றேன். சரியாக இருந்தது. உன் முகத்தில் ஒரு நிம்மதி. எனக்கும் பெருமை. அங்கேயே திரும்பி வீட்டுக்கு வந்திருக்கலாம்.

நீ விடவில்லை. "அந்தக் காய்ஞ்ச கொம்புல என்ன இருக்கு?" என்றாய். தண்ணீருக்கு மேலே காய்ந்த கொம்பு என்றால் மீன்கொத்தியைத் தவிர வேறென்ன உட்காரும்? "மீன்கொத்தி" என்றேன். "என்ன நிறம்?" "நீலந்தான், பின்ன மஞ்சளா?" அதுவும் சரியாகிவிட்டது. எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "அந்தப் புல்மேட்டுல வெள்ளையா இருக்கே, அது?" "கொக்கு. இதெல்லாம் ஒரு கேள்வியா?" அந்தக் கொக்கு எழுந்து, குடையை விரித்துக்கொண்டு நடந்து போயிற்று. யாரோ துரைசானி, வெள்ளைத் தொப்பி போட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "தூரத்துல பார்த்தா துரைசானியும் கொக்கும் ஒண்ணுதான்டா" என்று சமாளித்தேன். நீ சிரிக்கவில்லை.

அப்புறம்தான் அந்தக் கேள்வி. ஏரிக்கு நடுவில் இருக்கிற திட்டைக் காட்டி, "அங்க அந்த மரத்து உச்சியில பெரிய கழுகுப்பா. றெக்கையை விரிச்சிருக்கா, மடக்கியிருக்கா?" என்றாய். எனக்கு அங்கே ஒரு பச்சைப் புகைதான் தெரிந்தது. மரம் எது, வானம் எது என்று கோடு பிரியவில்லை. கண்ணைச் சுருக்கி, நெற்றியில் கையை வைத்து, ஒரு நிமிஷம் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, "விரிச்சிருக்கு. வெயில் காயுது. நல்ல பெரிய சைஸு" என்றேன். "நல்ல பெரிய சைஸு" என்று எதற்குச் சேர்த்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

"அங்க ஒண்ணுமே இல்லப்பா" என்றாய். "நான் சும்மா கேட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த ஏரித் தண்ணீர் கொதித்திருக்க வேண்டும். பெற்ற அப்பனை எலி மாதிரி பொறி வைத்துப் பிடித்தாயே! பறவை, கோடை, காலை நடை என்று கைப்பிடித்து அழைத்து வந்து பரீட்சை வைத்தாயே! "படிக்க வெச்சது இதுக்குத்தானா?" என்று நான் போட்ட கூச்சலில் கரையில் இருந்த எல்லாப் பறவையும் கிளம்பிப் போயிற்று. உன் நோட்டுக்கு அன்றைக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. நீ தலையைக் குனிந்துகொண்டு, "போன வாரம் கிள்ளான் பிளாட்பாரத்துல உங்களுக்கு நேரா நின்னு கையை ஆட்டினேன்ப்பா. நீங்க என்னைப் பார்த்து, தள்ளி நில்லு தம்பின்னீங்க. யாரோன்னு நெனச்சுச் சொன்னீங்க" என்றாய். நான் அதற்கும் ஏதோ கத்தினேன். "நீங்களே போய் துரைகிட்டச் சொல்லிடுங்க. சொல்லாம நீங்க ஓட்டினா நான் ஏற மாட்டேன். வேற யார்கிட்டயும் நான் சொல்ல மாட்டேன்" என்றாய். சொன்னபடியே இருந்தாய். லயனே காறித் துப்பியும் வாய் திறக்கவில்லை. அப்படி ஒரு பிடிவாதம் உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று உன் அம்மாவைக் கேட்டால் என்னைக் கை காட்டுவாள்.

கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் இந்த ரயில் லைனில் எனக்குத்தான் முதல் கண். மற்றவன் எஞ்சினிலிருந்து தலையை நீட்டித் தேடிக்கொண்டிருக்கும்போதே, கைகாட்டி மரம் இறங்கியிருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று நான் சொல்லிவிடுவேன். உனக்கு ஏழு வயசில் யாருக்கும் தெரியாமல் எஞ்சினில் ஏற்றி பத்து தீகா ஸ்டேஷன் வரைக்கும் கூட்டிப்போனேனே, அப்போது ஆற்றோரத்தில் ஒரு கழுகைக் காட்டினேன், நினைவிருக்கிறதா? உனக்கு அது தெரியவில்லை. "எங்கப்பா, எங்கப்பா" என்று நீ துடித்தாய். கடைசியில் அது எழும்பிப் பறந்ததும், வீடு வரும்வரை அதையே பேசிக்கொண்டு வந்தாய். இந்தப் பறவைப் பைத்தியம் எங்கிருந்து ஒட்டியது என்று நானே ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தேன். ஒட்டவைத்தவன் நான்தான்.

அந்தப் பைத்தியத்தைத் தீர்க்கிறேன் என்று நான் செய்ததையும் இங்கேயே எழுதுகிறேன். நீ பரீட்சையில் தோற்ற வருஷம், உன் நோட்டை எடுத்துக்கொண்டு போய் எஞ்சின் அடுப்பில் போட்டேன். நாலு வருஷமாக நீ பார்த்த அத்தனை பறவையும் அதில் இருந்தது. சூசை கூட, "வேணாண்ணே" என்றான். ஒரு மண்வெட்டிக் கரி போடுகிற நேரத்தில் எரிந்துபோயிற்று. நீ அழுதாய், நான் இரண்டு அடி அடித்தேன், மறுநாள் நீ வேறொரு நோட்டில் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாய். அதற்கு நான் உன்னிடம் ஒரு நாளும் வருத்தம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அது அயோக்கியத்தனம்.

இரண்டு வருஷமாகக் கண்ணில் புரை விழுந்துகொண்டிருக்கிறது. வருஷா வருஷம் டாக்டர் சுவரில் எழுத்து அட்டையை மாட்டி வாசிக்கச் சொல்வார். பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல நாங்கள் அதை ஒப்பிப்போம். முன்னால் போய்விட்டு வருகிறவன் கடைசி வரியை வெளியே நிற்கிறவனுக்குச் சொல்லிவிட்டுப் போவான். புரைக்காரன் நான் ஒருத்தன் மட்டும் இல்லை, ஆனால் அவர்கள் பெயரெல்லாம் இதில் எழுத மாட்டேன். எனக்கு அட்டை மங்கலாகத் தெரியும், எழுத்து மனப்பாடமாகத் தெரியும். லைனும் அப்படித்தான். பாலம் வந்தால் சத்தம் மாறும், வெட்டுப்பாறை வந்தால் சத்தம் நெருங்கும், மேடு வந்தால் எஞ்சின் மூச்சு கனக்கும். காதை வைத்தே ஓட்டினேன். கைகாட்டியை மட்டும் சூசை சொல்லுவான். "இறங்கியிருக்கு அண்ணே" என்றால் போவேன், "நிமிர்ந்திருக்கு" என்றால் நிறுத்துவேன்.

மாசி மாசத்தில் சூசைக்குக் காய்ச்சல். வேறொருத்தன் வந்தான், அவன் கரியைப் பார்த்தானே தவிர வெளியே பார்க்கவில்லை. பாடாங் ஜாவா ஸ்டேஷன் தாண்டி, தண்டவாளத்தில் ஏதோ கறுப்பாக நெளிந்தது. மாட்டு நிழல் என்று நினைத்தேன். கிட்டே போனதும்தான் அது தள்ளுவண்டி, மேலே மனிதர்கள். தண்டவாளத்துக்குக் கல் கொட்டுகிற நம் ஆட்கள், ஆறு பேர். கத்திக்கொண்டு குதித்தார்கள். தள்ளுவண்டி நொறுங்கிப் போயிற்று. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தண்டவாளம் ஈரம், பிரேக் பிடிக்கவில்லை என்று நான் எழுதிக் கொடுத்தேன். குதித்தவர்களில் ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி. அவள் பள்ளத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் எஞ்சினைப் பார்த்தாள். முகம் எனக்குத் தெரியவில்லை. அது தெரியாமல் போனதற்கு அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன்.

இது உனக்கும் தெரியாது. இத்தனைக்குப் பிறகும் நான் வாழைக்கன்று கட்டிய எஞ்சினில் உன்னையும் உன் அம்மாவையும் நம் சனம் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு போக நின்றேன். எல்லாம் சம்பந்தி முன்னால் ஒரு நிமிஷம் நெஞ்சை நிமிர்த்தி நிற்பதற்காக. தூ!

இன்று காலை ஷெட்டுக்குப் போய் துரையிடம் சொல்லிவிட்டேன். எத்தனை நாளாக என்று கேட்டார். சொன்னேன். தள்ளுவண்டி விஷயத்தையும் சொன்னேன். மனுஷன் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தினால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். என் கைவிளக்கைக் கேட்டார், கொடுத்தேன். இனி எஞ்சினில் ஏறக் கூடாது. விசாரணை நடக்கும், வேலை இருக்குமா போகுமா என்று அதற்குப் பிறகுதான் தெரியும். வெளியே வந்தால் சூசை நிற்கிறான். "உனக்கு ஒண்ணு சொல்லணும்டா" என்றேன். "கண்ணுதானேண்ணே? இவ்வளவு நாளும் நான் தொண்டை கிழியக் கத்தினது உங்களுக்குக் காது கேக்காதுன்னா?" என்றான். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. நான்தான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன் அம்மாவிடம் சொன்னதுதான் பெரும்பாடு. இந்தக் கடிதத்தை இதுவரை படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் கரண்டியை என் பக்கம் எறிந்தாள். குறி தப்பவில்லை, அவள் கண் நன்றாக இருக்கிறது. "மூணு வாரம் என் பிள்ளையை என் வாயாலேயே திட்ட வெச்சியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று கேட்டுவிட்டு, நேரே பாக்கியம் அக்கா வீட்டுக்குப் போனாள். அங்கேயிருந்து அடுத்த வீடு. இப்போது கடைசி வீட்டில் அவள் குரல் கேட்கிறது. பாக்கியம் அக்கா இரண்டு தடவை என் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். எனக்கு மத்தியானச் சாப்பாடு கிடையாது.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாய், அதனால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். அந்தப் பெண்ணிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் நேராகக் கேள். மரத்தில் இல்லாத கழுகைக் காட்டிக் கேட்காதே. என்னிடமும் நீ நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் அடித்திருப்பேன், அது வேறு விஷயம். அவள் அடிக்க மாட்டாள், பேசாமல் இருந்துவிடுவாள். அது இன்னும் மோசம், உன் அம்மாவோடு இருந்து பார்த்தவன் சொல்கிறேன். அவள் உன்னிடம் கேட்டால், தெரிந்ததைத் தெரியும் என்று சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். எனக்கு ஐம்பத்தொரு வயசு வரைக்கும் அது வாயில் வரவில்லை.

வியாழக்கிழமை நலங்கு. சூசையோடேயே கிளம்பி வந்துவிடு. மீன் வாங்கி வைப்பாள், நீ வந்து தின்று தொலை. வெள்ளிக்கிழமை வண்டியை வேறொருத்தர் ஓட்டுவார், நல்ல கண். வாழைக்கன்றும் தோரணமும் கட்டத்தான் போகிறார்கள், அதை நான் தடுக்கவில்லை. நான் உன்னோடு பெட்டியில், பெஞ்சியில், பாசஞ்சர் மாதிரி உட்கார்ந்து வருகிறேன். இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பாதையில் நான் உட்கார்ந்து போனதே இல்லை. எனக்கு ஜன்னலோரம் இடம் போடு. பத்து தீகா ஆற்றோரம் வரும்போது, பெட்டியில் இருக்கிற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, "அந்த மரத்துல என்ன இருக்குப்பா?" என்று கேள். அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, எனக்குத் தெரியலைடா, நீ பார்த்துச் சொல்லு என்று சொல்கிறேன்.

அப்பா